சாரா, டீச்சரா?

வணக்கம் ஐயா,

எங்கள் ஊர் ஒன்றியத் தொடக்கப்பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருக்கிறேன். நான்காம் வகுப்பில் இரண்டு பிரிவுகள், பிரிவுக்கு முப்பது பிள்ளைகள். கணக்கில் சார் நடத்தும் பிரிவின் சராசரி 68, டீச்சர் நடத்தும் பிரிவின் சராசரி 61. மற்ற வகுப்புகளுக்கும் டீச்சர்கள்தான். "பையன்கள் டீச்சருக்குப் பயப்படுவதில்லை, இன்னொரு ஆண் வாத்தியார் கேட்டுத் தீர்மானம் போடுங்கள்" என்று பெற்றோர் வற்புறுத்துகிறார்கள். ஆசிரியர் ஆணா பெண்ணா என்பது படிப்பை உண்மையில் பாதிக்கிறதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்த 68, 61-ஐப் பார்த்துவிடுவோம். நூறு மதிப்பெண் கணக்குத் தேர்வில் திட்ட விலக்கம், அதாவது மதிப்பெண்கள் சராசரியிலிருந்து சிதறி நிற்கும் அளவு, 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பது பேர் உள்ள பிரிவின் சராசரி, யார் எந்தப் பிரிவில் விழுந்தார்கள் என்ற தற்செயலால் மட்டுமே மூன்றரை மதிப்பெண் ஏறி இறங்கும். இரண்டு பிரிவுகளுக்கு இடையிலான வித்தியாசம் ஐந்து மதிப்பெண் ஆடும். ஆசிரியர்கள் இருவரும் அச்சு அசலாகச் சமமானவர்களாக இருந்து, பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்திருந்தால்கூட, ஐந்தாறு தடவைக்கு ஒரு தடவை ஏழு மதிப்பெண் வித்தியாசம் வந்துவிடும். உங்கள் பள்ளியில் சீட்டுக் குலுக்கியிருக்க மாட்டார்கள். ஜூன் மாதத்தில் எந்தப் பிரிவு எங்கே நின்றது என்பது தெரியாமல் இந்த இரண்டு எண்களுக்கும் பொருளே இல்லை.

சரி, ஒரு பள்ளியில் தெரியாது, நிறைய பள்ளிகளைப் பார்த்தால்? பிரிவதற்கு முந்தைய ஆந்திராவில் 500 கிராமப்புற அரசுத் தொடக்கப்பள்ளிகளில் ஐந்து ஆண்டுகள் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து, தெலுங்கிலும் கணக்கிலும் தேர்வு வைத்தார்கள். அந்தத் தரவிலிருந்து கார்த்திக் முரளிதரனும் கேத்கி ஷேத்தும் எழுதிய ஆய்வு 2016-இல் வெளியானது. ஒரே பிள்ளை ஓராண்டு சாரிடமும் மறு ஆண்டு டீச்சரிடமும் படித்திருப்பதால், வீட்டு வசதி, இயல்பான சூட்டிகை போன்றவை முடிவைக் குழப்புவது வெகுவாகக் குறைகிறது. டீச்சரிடம் படித்த ஆண்டுகளில் பெண் பிள்ளைகள் 0.036 திட்ட விலக்கம் கூடுதலாக முன்னேறினார்கள். ஆண் பிள்ளைகளுக்கு டீச்சரால் எந்த நட்டமும் இல்லை. உங்கள் ஊர்ப் பெற்றோர் எதிர்பார்த்தது இதுவாக இருக்காது.

0.036 எவ்வளவு? நம் நூறு மதிப்பெண் தேர்வில் முக்கால் மதிப்பெண்ணுக்கும் குறைவு. நூறு பேர் வரிசையில் நடுவில் நிற்கும் சிறுமி ஒன்றரை இடம் முன்னே நகர்வாள். எளிய ஒப்பீட்டில் இவ்வளவு சிறிய வித்தியாசத்தை நம்பிக்கையோடு பிடிக்க வேண்டுமானால் ஒவ்வொரு தரப்பிலும் பன்னிரண்டாயிரம் பிள்ளைகள் வேண்டும். ஒரு ஊரும் அதைத் தன் கண்ணால் பார்த்திருக்க முடியாது. "நாங்கள் பார்க்கிறோமே" என்று டீக்கடையில் சொல்பவர் வேறு எதையோ பார்க்கிறார்.

அந்த வேறு எதையோதான் கவனிக்க வேண்டும். பொருளியலாளர் ராஜ் செட்டியும் கூட்டாளிகளும் அமெரிக்கப் பள்ளிகளைப் பற்றி 2014-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஆசிரியரின் திறன் ஒரு திட்ட விலக்கம் கூடினால் மாணவரின் கணக்கு மதிப்பெண் 0.14 திட்ட விலக்கம் கூடுகிறது. ஆந்திராவில் கண்ட வித்தியாசத்தைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. நாடு வேறு, பள்ளி வேறு, ஆகவே நான்கு என்பதைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஒரு டீச்சருக்கும் இன்னொரு டீச்சருக்கும் உள்ள தூரம், சாருக்கும் டீச்சருக்கும் சராசரியில் உள்ள தூரத்தைவிடப் பெரிது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பெற்றோர் பக்கம் பேசும் சான்று இல்லாமல் இல்லை. அமெரிக்க எட்டாம் வகுப்பு மாணவர்களை ஆராய்ந்த தாமஸ் டீ, 2007-இல் வெளியான கட்டுரையில், பையன்களுக்கு ஆணும் பெண்களுக்குப் பெண்ணும் கற்பிக்கும்போது இரு தரப்புக்கும் சிறிய ஆதாயம் இருப்பதாகக் காட்டினார். அங்கே பிள்ளைகளுக்குப் பதின்மூன்று, பதினான்கு வயது. இங்கிலாந்தில் பதினொரு வயதுப் பிள்ளைகளின் 400-க்கும் மேற்பட்ட வகுப்புகளைப் பார்த்தபோது, ஆண் ஆசிரியர் இருந்ததால் பையன்களின் மதிப்பெண் கூடவில்லை. பள்ளியைப் பற்றிய நல்லெண்ணம், பையன்கள் உட்பட, பெண் ஆசிரியரின் வகுப்புகளில்தான் அதிகம் இருந்தது.

பின்லாந்து எல்லாவற்றையும் கொஞ்சம் கலைத்துப்போடுகிறது. அங்கே தொடக்கப்பள்ளி ஆசிரியர் பயிற்சியில் ஆண்களுக்கு 40 விழுக்காடு இடம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். அதை 1989-இல் எடுத்துவிட்டார்கள். ஒதுக்கீட்டில் வந்த ஆண்கள் அதிகம் இருந்த பள்ளிகளில் படித்த பிள்ளைகள், பின்னாளில் மேற்படிப்பைத் தொடர்வதில் முன்னே நின்றார்கள். பையன்கள் மட்டுமல்ல, பெண் பிள்ளைகளும். ஆக, ஆசிரியர் அறையில் இருபாலரும் கலந்திருப்பதற்கு ஒரு மதிப்பு இருக்கலாம். பையன்களை அடக்குவதற்கு ஆண் என்ற வாதத்துக்கு அது உதவாது.

கணக்குப் பாடத்துக்கு வருகிறேன். உங்கள் குழு பேச வேண்டியது இதைத்தான். அமெரிக்காவில் ஒன்றாம், இரண்டாம் வகுப்பு ஆசிரியைகள் 17 பேரை ஆராய்ந்து 2010-இல் ஒரு கட்டுரை வந்தது. கணக்கைக் கண்டு அஞ்சும் ஆசிரியையிடம் படித்த சிறுமிகள், 'கணக்கு பையன்களுக்கு வரும், நமக்கு வாசிப்புதான் வரும்' என்ற எண்ணத்தை ஆண்டு முடிவில் அதிகம் பிடித்துக்கொண்டார்கள்; அப்படிப் பிடித்துக்கொண்டவர்களின் கணக்கும் தாழ்ந்தது. பையன்களிடம் இந்தத் தொற்று தெரியவில்லை. 17 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனால் அதே 2010-இல் வந்த அமெரிக்க விமானப்படை அகாடமி ஆய்வு மறுமுனையைக் காட்டுகிறது. அங்கே மாணவர்களை ஆசிரியர்களுக்குத் தற்செயல் முறையில் பங்கிடுகிறார்கள், எல்லோருக்கும் பொதுத் தேர்வு. கணக்கிலும் அறிவியலிலும் பெண் பேராசிரியரிடம் படித்த மாணவிகள் துலக்கமாக முன்னேறினார்கள். ஆண் மாணவர்களுக்குப் பேராசிரியர் ஆணா பெண்ணா என்பது ஏறக்குறைய ஒரு பொருட்டாகவே இல்லை. பாடத்தில் கை தேர்ந்த பெண் சிறுமிக்குப் பலம், பாடத்துக்கு அஞ்சும் பெண் அதே சிறுமிக்குப் பாரம்.

அச்சத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? பின்னப் பாடம் நடக்கும் நாளில் தலைமையாசிரியரைப் பின்பெஞ்சில் உட்காரச் சொல்லுங்கள். 1/2 + 1/3 = 2/5 என்று ஒரு பிள்ளை எழுதும்; கட்டாயம் எழுதும். தைரியமான ஆசிரியர் "பாதிக்கு மேலே கொஞ்சம் சேர்த்தாய், விடை எப்படிப் பாதியைவிடக் குறைந்தது?" என்று கேட்பார், அல்லது ஒரு காகிதத்தை மடித்துக் காட்டுவார். அஞ்சுகிறவர் தப்பை அழித்துவிட்டு விதியைக் கரும்பலகையில் எழுதி, மனப்பாடம் செய்யச் சொல்வார். சாரும் இதைச் செய்வார். இதற்கு மருந்து பாடப் பயிற்சி.

அதே பாடவேளையில் இன்னொரு வேலையும் செய்யலாம். வகுப்பின் இருக்கை வரைபடம் ஒன்று போட்டு, ஆசிரியர் ஒரு பிள்ளையைக் கூப்பிடும்போதெல்லாம் அந்த இடத்தில் ஒரு கோடு. விடையை மட்டும் கேட்டால் சிறு கோடு, "ஏன், எப்படி" என்று கேட்டால் நீளக் கோடு. வேறு வேறு நாட்களில் மூன்று பாடவேளை போதும். பெண் பிள்ளைகள் வாசிக்க எழுப்பப்படுவதும், கரும்பலகையில் கணக்குப் போடப் பையன்கள் ஓடுவதும் தாளில் தெரிந்துவிடும். கேள்வி கேட்டபின் எத்தனை விநாடி காத்திருக்கிறார் என்றும் எண்ணுங்கள். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களிலேயே அளந்தார்: பெரும்பாலும் ஒரு விநாடிதான். அதை மூன்றாக்கினால் பதில்கள் நீளும், வாய் திறக்காத பிள்ளைகளும் பேசும். இதைக் குற்றப்பத்திரிகையாகப் பயன்படுத்தாதீர்கள். ஆசிரியரிடம் தாளைக் கொடுத்துவிடுங்கள். பலருக்கும் தாம் அப்படிச் செய்வதே தெரியாது.

ஒப்பிட்டே தீர வேண்டும் என்றால், சராசரியை விட்டுவிட்டு, தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளைப் பிரிக்கும் அரும்பு, மொட்டு, மலர் என்ற கற்றல் நிலைகளைப் பாருங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் அரும்பில் இருந்தவர்களில் எத்தனை பேர் மொட்டுக்கும் மலருக்கும் போனார்கள் என்று, பிரிவு வாரியாக, ஆண் பெண் தனித்தனியாக எண்ணுங்கள். புறப்பட்ட இடம் தெரிந்த கணக்கு அது. ஒரே ஆண்டை வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

பயம் பற்றி ஒரு வார்த்தை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. "சாருக்குப் பயப்படுவான்" என்பதில் அடியின் நிழல் இருந்தால், அதைத் தீர்மானத்தில் எழுதவே முடியாது. இல்லையென்றால், அந்த மரியாதை ஆளுக்கா மீசைக்கா என்றும் பாருங்கள். அமெரிக்காவில் ஓர் இணையவழிக் கல்லூரி வகுப்பில் ஆசிரியர்களின் பெயரை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள். திருத்திய தாள்கள் எல்லாம் ஒரே வேகத்தில் திரும்பி வந்தன. ஆண் என்று நம்பியவர்கள் வேகத்துக்கு 5-க்கு 4.35 கொடுத்தார்கள், பெண் என்று நம்பியவர்கள் 3.55.

ஆகவே தீர்மானத்தில் 'ஆண் ஆசிரியர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு, நான்கு, ஐந்தாம் வகுப்பு ஆசிரியர்கள் அனைவருக்கும் பின்னம், வகுத்தல், அளவைகளில் பயிற்சி கேளுங்கள்.

ஆளின் பாலைக் கேட்டே ஆக வேண்டிய இடம் ஒன்று உண்டு, அது மதிப்பெண் சம்பந்தப்பட்டதல்ல. 1987-இல் தொடக்கப்பள்ளிகளுக்கான மத்திய அரசின் கரும்பலகைத் திட்டம் வந்தபோது, பள்ளிக்குக் குறைந்தது இரண்டு ஆசிரியர், இயன்றவரை அதில் ஒருவர் பெண் என்று வகுத்தார்கள். ஆறாம் வகுப்புக்கு மேல் இது இன்னும் அவசியம். திடீரென மாதவிடாய் வந்த பெண் எந்த ஆசிரியரிடம் போய்ச் சொல்வாள்? உங்கள் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகப்போகும் நடுநிலைப் பள்ளியில் ஒரு டீச்சராவது இருக்கிறாரா, கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.