துண்டு அலமாரிக்குள் மார்க்ஸ்

கேள்வி: தத்துப் பிள்ளைகள் கவிஞர்களானால், பெற்ற தாயைத் தேடும் ஏக்கம்தானே அவர்கள் கவிதைக்கு ஊற்று? வளர்த்தவர்களை அவர்கள் கண்டுகொள்வதே இல்லையே, ஏன்?
- ஒரு வாசகர், ராஜபாளையம்

பதில்: யாரைப் படித்துவிட்டு இந்த முடிவுக்கு வந்தீர்கள்? நிச்சயம் ஸ்காட்லாந்துக் கவிஞர் ஜாக்கி கேயை இல்லை.

1961இல் எடின்பரோவில் பிறந்தவர். தாய் ஸ்காட்லாந்துக்காரி, தகப்பன் நைஜீரியாக்காரர். கைக்குழந்தையாக அவரைத் தத்தெடுத்தவர்கள் கிளாஸ்கோவின் வெள்ளைக்காரத் தம்பதி, அசல் கம்யூனிஸ்ட்டுகள். 1991இல் வந்த 'தி அடாப்ஷன் பேப்பர்ஸ்' என்ற நெடுங்கவிதையில் மகள், பெற்றவள், வளர்த்தவள் மூவரும் மாறி மாறிப் பேசுகிறார்கள். யார் பேசுவது என்று தெரிய, ஆளுக்கொரு அச்செழுத்து.

மூவரில் யாருக்கு நல்ல வரிகள்? என்னைக் கேட்டால் வளர்த்தவளுக்குத்தான். தத்துப் பிள்ளை கொடுக்கலாமா என்று வீட்டைப் பார்க்க ஒரு பெண் அதிகாரி வருகிறார். இவள் மார்க்ஸ், எங்கெல்ஸ், லெனின் மூவரையும் துண்டு வைக்கும் அலமாரிக்குள் தள்ளுகிறாள். துண்டையெல்லாமா சோதிக்கப் போகிறார் என்று ஒரு தைரியம். கட்சிப் பத்திரிகைகளும் ஒளிகின்றன. (பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் நம் வீடுகளில் நடக்கும் அதே கூத்து.) அத்தனையும் செய்து, சமாதான பேட்ஜுகளை மறந்துவிடுகிறாள். வந்தவர் கண் அதில்தான் விழுகிறது. அணு ஆயுதத்துக்கு எதிரியா என்று கேட்கிறார். பிள்ளை கிடைத்தாலும் சரி, போனாலும் சரி என்று 'ஆமாம்' போடுகிறாள். வந்தவரோ, நானும் சமாதானத்தின் பக்கம்தான் என்று இன்னொரு காப்பிக்கு உட்கார்ந்துவிடுகிறார்!

இதை அந்தத் தாய் சொல்வது புத்தக ஆங்கிலத்தில் இல்லை, சுத்தமான கிளாஸ்கோ பேச்சில். அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்த காதுதான் கவிதை எழுதியது. ரத்தம் அந்தக் காதைத் தந்துவிடுமா? பெற்ற தகப்பனை ஜாக்கி கே பிற்பாடு நைஜீரியாவின் அபுஜாவில் ஒரு ஓட்டலில் சந்தித்தார். மனிதர் மகளுக்காக மணிக்கணக்கில் ஜெபம் செய்து தீர்த்தார். 2010இல் வந்த நினைவுக் குறிப்பில் அதைச் சிரிப்பும் வலியுமாக எழுதியிருக்கிறார்.

ஏக்கமே இல்லை என்று நான் சொல்லவில்லை. இங்கிலாந்துக் கவிஞர் லெம்ன் சிசேயிடம் அது உண்டு. ஆனால் அவர் தத்துப் பிள்ளையே அல்ல. எத்தியோப்பியத் தாய் தத்துக் கொடுக்கக் கையெழுத்துப் போட மறுத்தார்; பிள்ளையை நார்மன் என்று பெயர் மாற்றி ஒரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுத்தார்கள். 12 வயதில் அவர்களும் கைவிட, அப்புறம் விடுதி விடுதியாக வாழ்க்கை. பிறப்புச் சான்றிதழைப் பார்த்த பிறகுதான் சொந்தப் பெயரே தெரிந்தது. அம்ஹாரிக் மொழியில் லெம்ன் என்றால் 'ஏன்'. அவர் எழுத்தில் இருப்பது ஏக்கத்தைவிடக் கோபம். அதுவும் பெற்றவள் மேல் இல்லை, அவரைப் பற்றிக் கோப்பு எழுதிய அதிகாரிகள் மேல்.

அது போகட்டும், ராஜபாளையத்திலிருந்தா இந்தக் கேள்வி? பக்கத்து ஊர் ஸ்ரீவில்லிபுத்தூரில், துளசி வனத்தில் பெரியாழ்வார் கண்டெடுத்து வளர்த்ததாகச் சொல்லப்படும் பெண், திருப்பாவையின் கடைசிப் பாசுரத்தில் தன்னை 'பட்டர்பிரான் கோதை' என்று வளர்த்தவர் பெயரோடுதானே சொல்லிக்கொள்கிறாள்? மார்கழி முப்பதாம் நாள் மட்டும் தூங்கிவிட்டீர்களோ?