எண்ணெய் தட்டுப்பாடு வந்தால் விலைவாசி ஏறுவது சரி, கூடவே தொழிலும் ஏன் படுத்துவிடுகிறது?

நீங்கள் பொருளாதாரம் படிக்கிற மாணவர் என்று நினைக்கிறேன். நான் படிக்கவில்லை. காசிமேட்டில் எங்கள் விசைப்படகுக்குக் கணக்கு எழுதுகிறேன். இந்தக் கேள்விக்கான பதிலை அந்த நோட்டில் பார்த்திருக்கிறேன்.

2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதும் கச்சா எண்ணெய் பேரல் 120 டாலரைத் தாண்டியது. மார்ச் கடைசியிலிருந்து சுமார் இரண்டு வாரத்தில் சென்னையில் டீசல் ஒன்பது ரூபாய்க்கு மேல் ஏறி லிட்டர் 100-ஐத் தாண்டியது. பத்து நாள் தங்கிவர எங்கள் போட்டுக்கு 3,000 லிட்டர் வேண்டும். ஒரே நடைக்கு 27,000 கூடுதல். அதை மீன் மேல் ஏற்றலாமே என்பீர்கள். ஏலத்தில் விலை வைப்பது நாங்கள் இல்லை. "கூடைக்கு ஐந்நூறு ஏத்தினா நான் யாருக்குத் தம்பி விப்பேன்?" என்று வாங்க வந்த அக்கா கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

அப்பா நோட்டைப் புரட்டிப் பார்த்து, "கட்டிப்போடுடா" என்றார். ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும். அதற்கு ஒரு வாரம் முன்பே படகு கரையில் நின்றது. படகில் போகிற எட்டுப் பேருக்குப் பங்கு இல்லை, ஐஸ்காரருக்கு வியாபாரம் இல்லை. எங்களைப் போலப் பலரும் நிறுத்தியதால் மீன் வரத்து குறைந்து, கடைசியில் மீன் விலையும் ஏறியது. விலையேற்றமும் வேலையிழப்பும் ஒரே இடத்திலிருந்துதான் வந்தன.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோதும் இதுதான் நடந்தது. 3 டாலரை ஒட்டியிருந்த பேரல் சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. அமெரிக்காவில் விலைவாசி ஏற ஏற ஆலைகள் ஆளைக் குறைத்தன. 1975 மே மாதம் அங்கே வேலையின்மை 9 சதவீதம். அதற்கு முன்பே, 1971-ல், டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த தொடர்பை அமெரிக்க அதிபர் நிக்சன் துண்டித்திருந்தார். அதனால் பணப்புழக்கத்துக்கு இருந்த கட்டு தளர்ந்தது, அதுவும் விலையேற ஒரு காரணம். எண்ணெய் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை.

மீனவனுக்கு வரிவிலக்கு டீசல் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது. அதற்கு மாத அளவு உண்டு. அது தீர்ந்தால் வெளிப் பங்க்தான்.