கூட்டாளிக ஒண்ணா உக்காந்து கிறுக்குத்தனமா கேரக்டர் போடற காமெடி பாட்காஸ்ட்: உங்க கேள்விக்கு என்ற பதிலு

நானும் என்ற காலேஜ் கூட்டாளிகளும் கோயமுத்தூர்ல வாரக்கடைசில உக்காந்து எழுதி வெக்காம வாய்க்கு வந்த ஆளா மாறி பேசி ரெக்கார்ட் பண்றோம்னு உங்கள்ல பல பேருக்கு தெரியும்ங்க. இந்த மாதிரி நிகழ்ச்சிகளை வெறித்தனமா கேக்கறவனும் நான்தான், அதனால கேள்வி இருந்தா அனுப்புங்கன்னு சொன்னேன், நெறைய வந்துருக்குது. ஒண்ணு ஒண்ணா சொல்றேன்.

ஈரோட்டுல இருந்து ஒரு அண்ணன்: மொதல்ல இது என்னதுங்க? ரெண்டு பேரு பேசிட்டே இருக்கறது எப்படி காமெடி ஆகும்?

அண்ணா, இதுக்கு தாய்வீடு மாதிரி ஒரு நிகழ்ச்சி இருக்குதுங்க, அமெரிக்காவுல லாஸ் ஏஞ்சல்ஸ்ல ஸ்காட் ஆக்கர்மேன்னு ஒருத்தரு நடத்தற காமெடி பேங் பேங். 2009 மே மாசம் காமெடி டெத்-ரே ரேடியோங்கற பேருல ஆரம்பிச்சது, 2011-ல பேரை மாத்துனாங்க, இன்னைக்கும் ஓடுது. நடுவுல 2012-ல இருந்து 2016 வரைக்கும் டிவிலயும் வந்துச்சு. அதோட அமைப்பு ரொம்ப சுலுவு. மொதல்ல நெசமான ஒரு நடிகரோ பாட்டுக்காரரோ வந்து சாதாரண பேட்டி மாதிரி பேசிட்டு இருப்பாங்க. கொஞ்ச நேரத்துல இன்னொருத்தரு உள்ள வருவாரு, அவரு கற்பனை ஆளு. ஆண்டி டேலின்னு ஒரு நடிகரு டால்டன் வில்காக்ஸ்னு ஒரு கவுபாய் கவிஞரா வருவாரு, குதிரை மேல உக்காந்து எழுதுன கவிதையெல்லாம் பெருமையா படிப்பாரு. ஸ்காட் பவ்யமா ஒவ்வொரு கேள்வியா கேக்க கேக்க, இந்த மனுசன் ரத்தக்காட்டேரின்னு நெனச்சு வழியில பாத்த ஆளுகளையெல்லாம் கொன்னுட்டு வந்துருக்கான்னு மெல்ல மெல்ல வெளிய வரும். ஸ்காட் கத்தறதும் இல்ல, "அட பைத்தியமே"ங்கறதும் இல்ல. "அவரு காட்டேரிதான்னு எப்படிங்க கண்டுபுடிச்சீங்க?"ங்கற தோரணையில அடுத்த கேள்விய போடுவாரு. எனக்கு மொத்த ரகசியமும் அங்கதான் இருக்குதுன்னு தோணும். வர்றவன் எத்தனை கிறுக்கா இருந்தாலும் எதிர்ல இருக்கறவன் அதை நம்பி மரியாதையா கேக்கோணும்.

பீளமேட்டுல படிக்கற ஒரு தம்பி: எதுல இருந்து கேக்க ஆரம்பிக்கலாம்ணா? இங்கிலீஷ் வேகமா பேசுனா புரியாது.

தம்பி, காமெடி பேங் பேங்ல வருசக் கடைசில கேக்கறவங்க ஓட்டுப் போட்டு தேர்ந்தெடுத்த நல்ல துண்டுகளா தொகுத்துப் போடுவாங்க, அதுல இருந்து ஆரம்பி. அந்தத் தொகுப்புக்கு ஸ்காட் கூட பால் எஃப். டாம்ப்கின்ஸ் வந்து உக்காருவாரு, ரெண்டு பேரும் பல வருசத்து கூட்டாளிக, அந்த வருசம் ஆரு என்ன கேரக்டர் போட்டாங்கன்னு நெனச்சு நெனச்சு பேசறதே ஒரு திருவிழா மாதிரி இருக்கும். இதே ரெண்டு பேரும் லாரன் லாப்கஸ்னு இன்னொரு கூட்டாளியும் சேர்ந்து 2018-ல த்ரீடம்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, அதுல கேரக்டரே இல்ல, மூணு பேரும் சும்மா பேசிக்கறதுதான். அதைக் கேட்டுட்டு பொறவு காமெடி பேங் பேங்கைக் கேட்டீன்னா, அவங்க எதுக்கு ஒருத்தரை ஒருத்தரு அத்தனை ஈசியா புடிச்சுக்கறாங்கன்னு வெளங்கிடும்.

கதை மாதிரி வேணும்னா ஹலோ ஃப்ரம் த மேஜிக் டேவர்ன். 2015-ல சிகாகோக்காரங்க ஆரம்பிச்சது. ஆர்னிங்கற ஆளு ஒரு பர்கர் கிங் கடைக்குப் பின்னாடி இருக்கற ஓட்டைல விழுந்து ஃபூன்னு ஒரு மாய உலகத்துக்குப் போயிடறாரு, அங்க ஒரு சாராயக்கடைல உக்காந்து மந்திரவாதி, உருமாறுற பிராணின்னு வர்றவங்களையெல்லாம் பேட்டி எடுக்கறாரு. அந்த ஓட்டை வழியா லேசா வர்ற கடையோட வைஃபைல எபிசோடை ஏத்தி விடறாராம். இந்த ஒரு விசயத்தை ஆரம்பத்துல சொல்லிட்டாங்க, அதுல இருந்து வருசக்கணக்கா மாறவே இல்ல. பொய்யா இருந்தாலும் கணக்கு வழக்கு சுத்தமா இருக்கோணும், அதான் அழகு.

சாப்பாட்டுப் பிரியனா இருந்தா பிரிட்டன்காரங்க ஆஃப் மெனு கேளு. எட் கேம்பிள், ஜேம்ஸ் அகாஸ்டர்னு ரெண்டு கூட்டாளிக 2018-ல ஆரம்பிச்சது. வர்ற விருந்தாளி கனவு சாப்பாட்டை சொல்லோணும், அகாஸ்டர் பூதம் மாதிரி பரிமாறுவாரு, திடீர்னு "அப்பளமா ரொட்டியா"ன்னு காட்டுக்கத்து கத்துவாரு. வேகத்தைக் கொறச்சு வெச்சு கேளு, தப்பே இல்ல.

பல்லடம், அண்ணன் ஒருத்தரு: கேரக்டர் எங்கிருந்துங்க வருது? என்ன ரோசனை பண்ணிட்டு மைக் முன்னாடி உக்காருவீங்க?

ஒரே ஒரு விசயம் போதும்ங்க. ஒரு ஆளு, அவன் உசுரா நெனைக்கற ஒரு சோலி. அதுக்கு மேல ரோசனை பண்ணிட்டு வந்தா கெட்டுப் போயிரும், கூட்டாளி என்ன சொல்றான்னு காதுல விழாது.

எங்க நிகழ்ச்சில எல்லாருக்கும் புடிச்சது "தண்ணி ருசிக்காரரு". என்ற கூட்டாளி ஒருத்தன் வந்து உக்காந்து, சிறுவாணித் தண்ணிய ஒரு வாய் குடிச்சே அது எந்த வீதி, எந்த வீடுன்னு சொல்லிருவேன்னு ஆரம்பிச்சான். அது வரைக்கும்தான் அவனுக்கே தெரியும். நான் நெசமாவே ஒரு டம்ளரை நீட்டுனேன். உறிஞ்சற சத்தம் மைக்ல நல்லா கேக்குது, அப்பறம் ரொம்ப நேரம் சத்தமே இல்ல.

"சாய்பாபா காலனிங்க. மூணாவது மாடி. மோட்டார் போட்டது அந்த வீட்டு அம்மிணி, அன்னைக்கு ஏதோ வெசனத்துல இருந்துருக்காங்க."

"வெசனம் எந்த எடத்துலங்க ருசில தெரியும்?"

"தொண்டைக்குப் பின்னாடிங்க. லேசா பெருங்காயம் மாதிரி."

"அப்ப கல்யாண வீட்டுத் தண்ணி?"

"அதை நான் தொடறதில்லைங்க, வண்டி ஓட்டிட்டுப் போகோணுமில்ல."

இதுல நான் ஒரு ஜோக்கும் சொல்லல, பாருங்க. கேள்வி மட்டும்தான். "ஆமா, அப்பறம்?"னு போறதுதான் இம்ப்ரோவ், அதாவது எழுதி வெக்காம அப்பப்ப தோணறதை நடிக்கறது, பண்றவங்க அல்லாரும் மொதல்ல கத்துக்கற பாடம். 1959-ல சிகாகோவுல ஆரம்பிச்ச செகண்ட் சிட்டி நாடகக் குழுல இருந்து இன்னைக்கு வரைக்கும் பாடம் அதான். ஆனா "ஆமா"ன்னு தலையாட்டறதோட நின்னா பத்தாதுங்க, அவன் சொன்னதுல எது வித்தியாசமோ அதைப் புடிச்சு "இது நெசம்னா வேற என்னல்லாம் நெசமா இருக்கோணும்?"னு நோண்டிட்டே போகோணும். தண்ணில வெசனம் தெரியும்னா சந்தோசமும் தெரியோணுமில்ல, அப்ப கல்யாண வீடு தானா வந்துருச்சு. அடுத்த தடவை அவனுக்கு கல்யாணமே ஆயிருச்சு, பொண்ணு வீடு சிறுவாணி இல்லாம பில்லூர் அணைத் தண்ணி வர்ற ஏரியா. அதனால மாமியார் வீட்டுல இவன் பச்சைத்தண்ணி குடிக்க மாட்டான். நெசமாவே குடிக்க மாட்டான், ரெண்டு குடும்பத்துக்கும் அதுல பகை. இதெல்லாம் ஆரும் எழுதல, பழசை ஞாபகம் வெச்சு கேட்டோம், அவ்ளோதான்.

திருப்பூர் அக்கா ஒருத்தங்க: கூட்டாளிகளா இருந்தாத்தான் இது வருமா? தெரியாதவங்க கூட பண்ண முடியாதா?

பண்ணலாம்ங்க அக்கா, நல்லா பயிற்சி எடுத்தவங்க மேடைல அன்னைக்குப் பாத்த ஆளு கூடயும் பண்றாங்க. ஆனா எனக்குப் புடிச்சது பழைய கூட்டாளிக பண்றதுதான். என்ற கூட்டாளி ஒரு கேரக்டர்ல பேசிட்டு இருக்கறப்ப மூச்சு இழுக்கற விதத்துலயே அடுத்து பாட்டுப் பாடப் போறான்னு எனக்குத் தெரியும், நான் வாய மூடிக்குவேன். அவனுக்கு என்ன சொன்னா மனசு நோகும்னும் தெரியும், அதனால அந்தப் பக்கமே போக மாட்டேன். வேலை, குழந்தைக, அப்பா அம்மா ஒடம்புன்னு ஆளாளுக்கு ஒரு பக்கம் ஓடிட்டு இருக்கோம், போன்ல "எப்படி இருக்கற, நல்லா இருக்கறேன்" தாண்டி பேசறதுக்கு ஆம்பளைகளுக்கு ஒரு சாக்கு வேணும். எங்களுக்கு இது கெடச்சுது, அதை நான் ரொம்பப் பெருசா நெனைக்கறேன். சண்டை வராதான்னும் கேட்டுருந்தீங்க. வரும், எடிட்டிங்ல எதை வெட்டறதுங்கறதுல வரும். கேரக்டர் போட்டவன் வெட்டுன்னு சொன்னா வெட்டிரோணும், அதுல மறுபேச்சு இல்லைன்னு பேசி வெச்சுருக்கோம்.

கோபில இருந்து ஒரு பெரியவரு: தம்பி, இது அமெரிக்காக்காரன் கண்டுபுடிச்சதா? நம்ம கூத்துல வர்ற கட்டியங்காரன் என்ன பண்றான்?

ஐயா, நூத்துக்கு நூறு சரிங்க, இந்தக் கேள்விக்காகவே உங்களைக் கும்பிடறேன். கூத்துல ராசா வேசம் திரைக்குப் பின்னாடி இருந்து ஆடிட்டு வந்து நிக்கும், கட்டியங்காரன் "நீங்க ஆருங்க, எந்த ஊருங்க, என்ன சோலியா வந்தீங்க"ன்னு கேப்பான், ராசா தன் பெருமையெல்லாம் சொல்லுவாரு. பாட்டு முன்னமே இருக்கறது, நடுவுல பேசறதுல பாதிக்கு மேல அன்னைக்கு ராத்திரி அந்த ஊருக்குத் தகுந்த மாதிரி வர்றது. ஊருல கரண்ட் போனது, ரோடு குழியானது எல்லாம் மகாபாரதத்துக்கு நடுவுல வந்துரும். ஸ்காட் ஆக்கர்மேன் பண்றது அச்சு அசல் கட்டியங்காரன் வேலைங்க. சேலம், தர்மபுரி, ஈரோட்டுப் பக்கம் இன்னைக்கும் விடிய விடிய கூத்து நடக்குது, இளந்தாரிக போய் உக்காந்து பாக்கோணும், கட்டியங்காரன் எப்ப பேசறான்னு பாக்கறதை விட எப்ப பேசாம இருக்கறான்னு பாக்கோணும். பொன்னர் சங்கரைப் பாடற அண்ணன்மார் கதையும் அப்படித்தானுங்க, உடுக்கை அடிச்சுப் பாடறவரு கூட பதில் கொடுக்கறதுக்கு ஒரு ஆளு இருப்பாரு. மானிடவியல் ஆராய்ச்சி பண்ண வந்த பிரெண்டா பெக் அம்மா 1965-ல காங்கேயம் பக்கத்துல அந்தக் கதைய முழுசா டேப்புல பதிஞ்சு வெச்சாங்க. ராத்திரி ராத்திரியா தொடர்ந்து வர்ற கதையக் காதுல கேட்டு வளந்த ஊருங்க நம்மளது.

சோமனூர்: பக்கத்துல தறி ஓடுது, ரெக்கார்டிங்ல டக் டக்னு கேக்குது. சாப்ட்வேர்ல எடுக்க முடியுங்களா?

ஃபேன் சத்தம் மாதிரி ஒரே சீரா வர்றது போகும், ஆடாசிட்டி இலவசம்தான், அதுல சத்தம் மட்டும் இருக்கற கொஞ்சம் எடத்தைத் தேர்ந்தெடுத்துக் காட்டுனா மத்த எடத்துலயும் கொறச்சுத் தரும். தறி அடிச்சு அடிச்சு வர்ற சத்தம்ங்க, அது சுத்தமா போகாது, இழுத்து எடுத்தா குரலு தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஆயிரும். சுத்தி இருக்கற சத்தத்தையெல்லாம் புடிக்கற கண்டென்சர் மைக் வேண்டாம், பக்கத்துல பேசறதை மட்டும் நல்லா புடிக்கற டைனமிக் மைக் வாங்கி ஒரு சாண் தூரத்துக்குள்ள பேசுங்க. சுத்தி மெத்தை, போர்வை தொங்க விடுங்க. ஆளுக்கு ஒரு மைக், ஆளுக்கு ஒரு டிராக்னு குரலைத் தனித்தனியா பதியோணும், இது முக்கியம், ஒருத்தன் பேசறப்ப இன்னொருத்தன் விழுந்து விழுந்து சிரிச்சா அதை மட்டும் கொறைக்கலாம். கடைசில சத்தத்தோட அளவை மைனஸ் 16 எல்.யூ.எஃப்.எஸ் (காதுக்குக் கேக்கற சத்தத்தை அளக்கற கணக்கு, எடிட்டிங் சாப்ட்வேர்ல காட்டும்) பக்கம் கொண்டு வந்துருங்க, ஆப்பிள் பாட்காஸ்ட் கேக்கறது அதான். அப்பறமும் தறிச் சத்தம் லேசா இருந்துச்சுன்னா, கேரக்டரைத் தறிக்குடோன்ல வேலை செய்யறவராவே ஆக்கிருங்க.

நாமக்கல்: கெட்ட வார்த்தை, சாதி, ஊருப் பேச்சைக் கிண்டல் பண்றது இதெல்லாம் இல்லாம சிரிப்பு வருமா?

வரும்ங்க. சாதிய வெச்சு ஒரு கேரக்டரும் நாங்க போட மாட்டோம், ஆரு கேட்டாலும் இல்லைதான். பேச்சைப் பத்தி எனக்குத் தனியா ஒரு ஆதங்கம் இருக்குது. கவுண்டமணி அண்ணன் உடுமலைப் பக்கம், மணிவண்ணன் சூலூரு, கோவை சரளா அக்கா பேருலயே ஊரு இருக்குது, இவங்க அல்லாரும் நம்ம பேச்சை வெச்சு எதிராளிய மடக்குனாங்களே ஒழிய, பேச்சே கேலிப்பொருளா ஆகல. இப்ப பல எடத்துல "ஏனுங்க"ன்னு சொன்னாலே சிரிக்கோணும்னு எதிர்பாக்கறாங்க. எங்க தண்ணி ருசிக்காரரும் கொங்குப் பேச்சுத்தான் பேசறாரு, ஆனா சிரிப்பு வர்றது அவரு தண்ணி மேல வெச்சுருக்கற பக்தில.

காங்கேயம்: மாட்டைப் பத்தி ஏதாவது இருக்குதுங்களா?

இருக்குதுங்க! பீஃப் அண்ட் டெய்ரி நெட்வொர்க். பெஞ்சமின் பார்ட்ரிஜ்னு பிரிட்டன்காரரு 2015-ல ஆரம்பிச்சது. மாட்டுத் தொழில் பண்றவங்களுக்கான செய்தி நிகழ்ச்சி மாதிரி படு சீரியஸா போகும், அத்தனையும் கற்பனை. சந்தைக்குப் போய் பழகுனவங்களுக்கு டபுள் சந்தோசம்.

பொள்ளாச்சி: காசு வருமாங்க?

எங்களுக்கு வரல, எதிர்பாத்தும் பண்ணல. பெரிய நிகழ்ச்சிக விளம்பரம், மாச சந்தாவுல ஓடுது. நீங்க மைக்குக்கு மட்டும் செலவு பண்ணுங்க, எபிசோடை ஏத்தறதுக்கு ஸ்பாட்டிஃபைல இலவசமாவே வழி இருக்குது.

கரூர்: பேசிட்டு இருக்கறப்பவே சிரிச்சுட்டா என்ன பண்றது?

சிரிங்க, வெட்டாதீங்க. கூட்டாளி அடக்க முடியாம சிரிக்கறதுதான் கேக்கறவனுக்கு விருந்து. ஆனா கேரக்டர் போட்டவன் மட்டும் விடாம அதே ஆளா நின்னு "ஏனுங்க சிரிக்கறீங்க, இதுல என்னங்க இருக்குது?"ன்னு கேக்கோணும்.

பெங்களூர்ல இருக்கற சத்தியமங்கலத்துக்காரரு: நான் இங்க, என்ற கூட்டாளி துபாய்ல. பண்ண முடியுங்களா?

தாராளமா. எங்கள்லயும் ஒருத்தன் வெளியூருதான். வீடியோ கால்ல மொகத்தைப் பாத்துட்டே பேசுங்க, மொகம் தெரியலைன்னா ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசிருவீங்க. ஆனா கால்ல வர்ற சத்தத்தை ரெக்கார்ட் பண்ணாதீங்க, ஆளாளுக்கு அவங்கவங்க பக்கம் தனியா ரெக்கார்ட் பண்ணுங்க, காதுல ஹெட்போன் கட்டாயம். ஆரம்பத்துல ஒண்ணு ரெண்டு மூணு சொல்லி ரெண்டு பேரும் ஒட்டுக்கா கை தட்டுங்க, எடிட்டிங்ல அந்தத் தட்டுன எடத்தை வெச்சு ரெண்டு ஃபைலையும் சேத்துக்கலாம், கால்ல சத்தம் லேட்டா வர்றதால சித்த நவுத்த வேண்டி வரும். மொத எபிசோடு முடிஞ்சதும் எனக்கு அனுப்புங்க, முழுசா கேட்டுட்டுச் சொல்றேன்.