மச்சான் கேட்கும் தோட்டா

கேள்வி: என் மச்சான் ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸில் இருக்கிறார், முறையான லைசென்ஸ் உள்ளவர். நரி, காட்டு ஆடு சுட 303-25 என்று ஒரு பழைய ரைஃபிளை மலிவாக வாங்கிவிட்டார். இப்போது எந்தக் கடையிலும் அதற்குத் தோட்டா இல்லையாம். கோலாலம்பூரில் விசாரித்துப் பார், இல்லாவிட்டால் காலிக் கூடாவது கொண்டு வா என்கிறார். கொண்டுபோகலாமா?
– வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: வேண்டாம். விசாரிக்கவும் வேண்டாம். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி இங்கே துப்பாக்கிக்கு மட்டுமல்ல, தோட்டாவுக்கும் லைசென்ஸ் வேண்டும். 1971இல் வந்த கூடுதல் தண்டனைச் சட்டத்தில் சிறையோடு பிரம்படியும் உண்டு. காலிக் கூடுதானே சார் என்று பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் ஸ்கேனர் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்கிற நிலைமை உங்களுக்கு எதற்கு? செம்பனைத் தோட்டத்தில் பன்றி சுட லைசென்ஸ் வைத்திருக்கும் தெரிந்தவர் யாராவது இருந்தால் அவரையும் இதில் இழுக்காதீர்கள், அவரிடம் இருப்பது பெரும்பாலும் ஷாட்கன், அந்தத் தோட்டா இதற்கு ஆகாது.

சரி, மச்சானுக்கு வருவோம். அவர் தேடுகிற இடமே தப்பு. 303-25 என்பது பழைய 303 பிரிட்டிஷ் தோட்டாவின் கழுத்தை கால் அங்குலக் குண்டுக்கு ஏற்றபடி ஒடுக்கியதுதான், ஆஸ்திரேலியாவிலேயே பிறந்தது. அதனால் முழுத் தோட்டாவைத் தேடி அலையாமல் பாகம் பாகமாக வாங்கித் தானே சேர்த்துக்கொள்ள வேண்டும். குண்டு 0.257 அங்குலம், 25-06, 257 ராபர்ட்ஸ் என்ற தோட்டாக்களுக்குப் போடுகிற அதே குண்டு. ப்ரைமர், அதாவது கூட்டின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி, சாதாரண ‘பெரிய ரைஃபிள்’ அளவு. வெடிமருந்தும் அங்கேயே லைசென்ஸைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம். இடிப்பது பித்தளைக் கூடு ஒன்றுதான், அதற்கும் வழி இருக்கிறது: 303 கூடு இன்னும் புதிதாகத் தயாராகிறது, செர்பியாவின் பிரவி பார்ட்டிசான் செய்கிறது, அதை வாங்கி டை என்கிற இரும்பு அச்சுக்குள் கொடுத்துக் கழுத்தை ஒடுக்க வேண்டும். கேட்கும்போது, நடுவில் ஒரே துளை உள்ள பாக்ஸர் ப்ரைமர் வகைக் கூடாகக் கேட்கச் சொல்லுங்கள். பழைய ராணுவக் கூடு பெரும்பாலும் பெர்டான் வகை, நடுவில் ஒரு துளைக்குப் பதில் இரண்டு சின்னத் துளை இருக்கும், வழக்கமான டையில் பழைய ப்ரைமரைத் தள்ளப் போனால் ஊசி உடையும். மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்குவது வீண் செலவு.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. 303-25க்கான அறையை, அதாவது குழலில் தோட்டா உட்காரும் இடத்தை, பல பட்டறைகள் அவரவர் அளவில் குடைந்திருக்கின்றன, ஒரு ரைஃபிளுக்குப் பொருந்துவது இன்னொன்றுக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. விற்றவர் கொடுத்த பழைய நோட்டுப் புத்தகத்தில் எழுதியிருக்கும் மருந்து அளவை நம்பிச் சுடுவதைப் போன்ற ஆபத்து வேறில்லை. துப்பாக்கிப் பட்டறைக்காரரிடம் கொடுத்து அறையை அச்செடுத்து அளந்து, துப்பாக்கியைப் பூட்டியதும் தோட்டாவுக்குக் கிடைக்கும் இடமான ஹெட்ஸ்பேஸும் பார்த்த பிறகு அச்சிட்ட கையேட்டின் குறைந்த மருந்து அளவிலிருந்து தொடங்கட்டும். அளவு சரியில்லை என்று அவர் சொல்லிவிட்டால், டை வாங்கும் காசையாவது மச்சான் மிச்சம் பிடிக்கலாம்.