சிங்கத்தை வாங்கியவர்கள்

கேள்வி: படம் தொடங்கும்போது சிங்கம் கர்ஜிக்குமே, அந்த ஹாலிவுட் எம்ஜிஎம் ஸ்டுடியோவை அமேசான் 845 கோடி டாலர் கொடுத்து வாங்கியதாகப் படித்தேன். அந்தச் சிங்கத்திடம் அவ்வளவு பணத்துக்கு என்ன இருக்கிறது? இடமா, கட்டடமா? (கும்பகோணம் வாசகி)

பதில்: இரண்டுமே இல்லை. கல்வர் சிட்டியில் இருந்த அதன் பழைய வளாகம் இப்போது சோனியின் கையில். 2022 மார்ச்சில் அமேசானுக்குப் போனது முக்கியமாகப் படங்கள்தான், சுமார் 4,000. ஆனால் எம்ஜிஎம்முக்குப் பேர் வாங்கிக் கொடுத்த அந்தக் காலத்துப் படங்கள் அதில் சேர்த்தி இல்லை. அவை எப்போதோ பிரிந்துபோய், இன்று வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோவிடம் இருக்கின்றன.

அது நடந்த விதத்தைச் சொல்கிறேன். 1969-ல் கிர்க் கெர்கோரியன் என்ற தொழிலதிபர் எம்ஜிஎம்மைக் கைப்பற்றினார். அவருடைய கவனம் லாஸ் வேகாஸ் ஹோட்டல்களில் இருந்தது. மறு வருடமே ஸ்டுடியோவின் உடைகளும் செட் சாமான்களும் ஏலத்துக்கு வந்தன. 'தி விசார்ட் ஆஃப் ஓஸ்' படத்தின் சிவப்புக் காலணி ஒரு ஜோடி 15,000 டாலருக்குப் போனது. அதே படத்துக்காகச் செய்த இன்னொரு ஜோடியை 2024 டிசம்பரில் 2.8 கோடி டாலருக்கு ஏலம் கேட்டார்கள்!

காலணியாவது அழியாமல் தப்பியது. எனக்கு ஆறாத விஷயம் இசைக் குறிப்புகள். பெரிய இசைப் படங்களுக்கு ஒவ்வொரு வாத்தியக்காரருக்கும் கையால் எழுதிய தாள்களை, இடத்தை அடைக்கிறது என்று குப்பையோடு குப்பையாகப் பள்ளத்தில் கொட்டிவிட்டார்கள். பிற்பாடு ஜான் வில்சன் என்ற ஆங்கிலேய இசை நடத்துநர் படங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டு, எந்த வாத்தியம் எங்கே வருகிறது என்று காதாலேயே பிரித்து மறுபடி எழுதினார். எத்தனை வருட உழைப்பு!

1973-ல் கெர்கோரியனின் எம்ஜிஎம் கிராண்ட் ஹோட்டல் திறந்தது. அவருக்குத் தேவைப்பட்டது அந்தப் பெயர். அப்புறம் 1986-ல் டெட் டர்னர் சுமார் 150 கோடி டாலருக்கு எம்ஜிஎம்மை வாங்கினார். கடன் கழுத்தை நெரிக்க, சில மாதங்களிலேயே பெயரையும் இடத்தையும் விற்றுவிட்டு, பழைய படங்களை மட்டும் வைத்துக்கொண்டார். அவர் டிவிக்காரர், ஓட்டுவதற்குப் படம் வேண்டும். கறுப்பு வெள்ளைப் படங்களுக்குச் சாயம் பூசியதை நான் மன்னிக்கவில்லை. ஆனாலும் 1994-ல் பழைய படங்களுக்கென்றே அவர் தொடங்கிய டிசிஎம் சேனலுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். பிற்பாடு அவருடைய கம்பெனி வார்னரோடு இணைந்தபோது அந்தப் படங்களும் அங்கே போய்ச் சேர்ந்தன. வாங்குபவரின் மற்ற தொழிலுக்கு எது உதவுமோ அதுதான் பிழைக்கிறது.

கேள்வி: படத்தை எடுத்துவிட்டு வெளியிடாமலே விடுவார்களா? (மதுரை வாசகர்)

பதில்: விட்டிருக்கிறார்களே. வார்னரும் டிஸ்கவரியும் 2022 ஏப்ரலில் இணைந்தபோது கடன் 5,000 கோடி டாலருக்கு மேல். ஆகஸ்டில், சுமார் 9 கோடி டாலர் செலவழித்துப் படப்பிடிப்பு முடித்திருந்த 'பேட்கேர்ள்' என்ற படம் கைவிடப்பட்டது. நஷ்டமாக எழுதினால் வரி குறையும். செய்தி கேட்டதும் இயக்குநர் அடில் எல் அர்பி, தன் கூட்டாளி பிலால் ஃபல்லாவுக்குப் போன் போட்டு, செல்போனிலாவது படத்தை எடுத்து வை என்றாராம். அதற்குள் சர்வரில் எல்லாம் போய்விட்டது. சட்டப்படி இது சரி. இப்படி வரிச் சலுகை கேட்கும் கம்பெனி, படத்தின் ஒரு பிரதியைப் பொது ஆவணக் காப்பகத்தில் ஒப்படைத்தே தீர வேண்டும் என்று அமெரிக்காவில் ஒரு சட்டம் வர வேண்டும்.