வில் அச்சோடு ஒட்டாமல் இருக்க

தண்டையார்பேட்டை வாசகர் ஒருவரின் கேள்வி: "மூங்கில் பட்டைகளும் பைபர் பட்டையும் அடுக்கி வில் செய்கிறேன். முதல் வில்லுக்கு பிளைவுட் அச்சில் தேங்காய் எண்ணெய் தடவி, அரால்டைட் போட்டு ஒட்டினேன். வில் அச்சோடு பிடித்துக்கொண்டது; தட்டி எடுத்தபோது பிளைவுட்டின் மேல்தோல் பெயர்ந்து வந்தது. அடுத்த வில்லுக்குக் காசிமேட்டில் போட் கட்டும் ஒருவரிடம் வேக்ஸ் வாங்கித் தாராளமாகப் பூசி, பல்பு போட்ட சூட்டுப்பெட்டியில் வைத்தேன். அச்சிலிருந்து அழகாகக் கழன்றது. ஆனால் நாணேற்றி வளைத்ததும் நுனிப்பக்கம் பட்டைகள் பிரிந்துவிட்டன. எங்கே தப்பு?"

முதல் தடவை பசை பிடிக்கக் கூடாத இடத்தில் பிடித்தது. இரண்டாம் தடவை பிடிக்க வேண்டிய இடத்தில் கைவிட்டது. முதலாவதில் நஷ்டம் ஒரு அச்சு, அவ்வளவுதான். இரண்டாவது உங்கள் முகத்துக்கே வந்திருக்கும்.

எண்ணெய் ஏன் காப்பாற்றவில்லை என்றால், பிளைவுட் அதைக் குடித்துவிடுகிறது. நீங்கள் பசை கலந்து, பட்டைகளை அடுக்கி, கிளாம்ப் போட்டு முடிப்பதற்குள் மேலே இருப்பது வெறும் ஈர மரம். சூட்டில் அரால்டைட் தண்ணீர் போல இளகி அந்த நார்களுக்குள் இறங்கி வேர் பிடித்துக்கொள்ளும். நியூஸ்பேப்பர் போட்டாலும் இதே கதிதான், காகிதமும் சேர்ந்து வில்லில் ஒட்டும்.

வேக்ஸ் விஷயம் வேறு. காசிமேட்டுக்காரர் சொன்னது அவர் தொழிலுக்குச் சரி. பைபர் போட் கட்டும்போது மோல்டின் மேல் வேக்ஸைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கி, அதற்கு மேல் பிவிஏ (காய்ந்தால் மெல்லிய தோலாகும் திரவம்) அடித்து, அப்புறம்தான் ஜெல்கோட் என்ற வெளிப்பூச்சு ரெசினைப் போடுவார்கள். அங்கே ஈர ரெசினை அடுக்கடுக்காக மோல்டின் மேலேயே ஏற்றுகிறார்கள். காய்ந்த இரண்டு பட்டைகளை ஒட்டும் வேலை அங்கே இல்லை. உங்கள் வில்லில் ஒவ்வொரு பட்டைக்கு நடுவிலும் ஒட்டுமுகம் இருக்கிறது. பாரபின் வகை மெழுகு 50, 60 டிகிரிக்கே உருகிவிடும். சூட்டுப்பெட்டியில் அது வழிந்து, ஓரமாகப் பட்டைகளின் இடுக்குக்குப் போயிருக்கலாம். அதைவிட அதிகம் நடப்பது, வேக்ஸ் தொட்ட அதே கையால் பட்டையை எடுத்து வைப்பது. அச்சில் ஒட்டவிடாத எதுவும் வில்லுக்குள்ளும் ஒட்டவிடாது. சிலிக்கான் ஸ்ப்ரே இன்னும் மோசம், காற்றில் பறந்து போய் உட்காரும். பட்டறைக்குள்ளேயே விடாதீர்கள்.

அப்படியானால் என்ன செய்வது? வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். கழுவிக் காயவைத்த ஆவின் பால் கவரின் மேல் கொஞ்சம் அரால்டைட் கலந்து விட்டுவிடுங்கள். மறுநாள் அது சில்லு மாதிரி உரிந்து வரும். பால் கவர் பாலிஎதிலீன். பழுப்பு நிற பாக்கிங் டேப்பின் முதுகு பெரும்பாலும் பாலிப்ரொபிலீன். இரண்டிலும் இந்தப் பசைக்குப் பிடிமானம் கிடையாது. பூசுகிற பொருளாக இல்லாததால் வழியாது, பரவாது. நான் டேப்பைத்தான் நம்புகிறேன்.

ஆனால் டேப்பை வெறும் மரத்தில் ஒட்டினால் சூட்டில் ஓரம் தூக்கிக்கொள்ளும். அச்சின் மேல்முகத்தில் பள்ளங்களுக்குப் பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டு, இரண்டு கை வார்னிஷ் அடித்து நன்றாகக் காயவிடுங்கள். அப்புறம் அச்சைவிட அகலமான டேப்பை நீளவாக்கில் ஒரே ஓட்டமாக ஒட்டி, இரண்டு பக்கமும் கீழே மடித்துவிடுங்கள். பசை பக்கவாட்டில்தான் அதிகம் வழியும், எனவே பக்கங்களுக்கும் டேப் வேண்டும். அடுக்கை மேலிருந்து அழுத்த வைக்கும் பட்டையை நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள். அதன் அடிப்பக்கத்துக்கும் இதே போல டேப் வேண்டும். அடுக்கின் மேலும் கீழும் ஒரு மெல்லிய பாலிதீன் தாள் போட்டால் இன்னும் நிம்மதி. அது சுருங்காமல் இருக்க வேண்டும். சுருக்கத்தில் பசை தேங்கி வில்லின் மேல் வரப்பு மாதிரி நிற்கும், சுரண்டியே கை ஓய்ந்துவிடும். சைக்கிள் டியூபை நறுக்கிச் சுற்றி இறுக்குகிறவர்கள் முதலில் பாலிதீன் சுற்றிவிட்டு டியூபைச் சுற்றுங்கள்.

மெழுகுக்கும் ஒரு இடம் உண்டு: கிளாம்ப் மரையிலும் தாடையிலும். சாதாரண மெழுகுவத்தி போதும். முதல் நாளே தேய்த்து, அந்தத் துணியைத் தனியாக வைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

ஒட்டுமுகங்களைக் கடைசியில் சுத்தம் செய்யுங்கள். மூங்கிலைப் புதிதாக உப்புத்தாள் போட்டு, பைபரின் சொரசொரப்பான பக்கத்தை அசிட்டோனால் துடைத்து, அதன் பிறகு விரல் படக் கூடாது. காலையில் தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு வேலைக்கு உட்காருபவர்கள் நம் ஊரில் அதிகம், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் விடியற்காலையில் ஒட்டுவது நல்லது. வெப்பம் 10 டிகிரி ஏறினால் பசை இளக்கமாக இருக்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகிவிடும், அவசரத்தில் டேப்பும் தாளும் நகர்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் கடற்காற்று ஈரத்தை மூங்கில் வாங்கி வைத்திருக்கும். ஒட்டுவதற்கு முன்னால் சூட்டுப்பெட்டியில் பட்டைகளை மட்டும் போட்டு ஈரம் போக்குங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ஒட்டிக்கொண்டால், நுனியிலிருந்து மெல்லிய மர ஆப்பு வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்புங்கள். சூடு காட்டி இளக்கலாம் என்பார்கள். அது உள்ளே இருக்கும் ஒட்டையும் சேர்த்து இளக்கும், எனக்குப் பிடிக்காத வழி. அசையவில்லையா, உளியை அச்சின் மேல் வையுங்கள். பிளைவுட் மறுபடி வாங்கலாம்.

பிரிந்த அந்த இரண்டாவது வில்லில் பசையை விட்டுத் திரும்ப ஒட்டப் பார்க்காதீர்கள். மெழுகு ஊறிய மூங்கில் இனிப் பிடிக்காது. நாணைக் கழற்றி, யாரும் ஆசைக்கு எடுத்து வளைத்துப் பார்க்காதபடி ரம்பம் போட்டு இரண்டாக அறுத்துவிடுங்கள்.