மேளச் சத்தமும் எட்டு மாதக் குழந்தையும்

கேள்வி: என் மகனுக்கு எட்டு மாதம் நடக்கிறது. அடுத்த முகூர்த்தத்தில் மதுரையில் என் நாத்தனாருக்குத் திருமணம். முதல் நாள் மாலை வரவேற்பில் மெல்லிசைக் கச்சேரியும், மறுநாள் காலையில் நாகசுரமும் ஏற்பாடாகியிருக்கின்றன. குழந்தையை மேடைக்கு எதிரில் உட்கார வைத்துப் பாட்டுக் கேட்கச் செய்ய வேண்டும் என்பது என் கணவரின் ஆசை. மாமியாரோ, சத்தத்தில் பிள்ளைக்குத் தூக்கித் தூக்கிப் போடும், மண்டபத்துக்கே கொண்டுபோகாதே என்கிறார். நான் என்ன செய்வது?
– வாசகி, திருமங்கலம்.

பதில்: குழந்தையை அவசியம் அழைத்துச் செல்லுங்கள், சகோதரி. ஆனால் கச்சேரி உச்சத்தில் இருக்கும் இரவு நேரத்தில் வேண்டாம். கலைஞர்கள் மேடையேறி, ஒலிபெருக்கியை இயக்குவதற்கு முன் கருவிகளுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருக்கும் அந்த அரை மணி நேரத்தில் கொண்டுபோங்கள். தபேலாக்காரர் சிறு சுத்தியலால் தட்டிச் சுருதி பார்ப்பார். புல்லாங்குழல் வாசிப்பவர் ஓரிரு வரிகளை ஊதிப் பார்ப்பார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார அனுமதி கேட்டால், எந்தக் கலைஞரும் மறுப்பதில்லை. எட்டு மாதக் குழந்தைக்கு, ஒரு கை அசைவதும் அதே கணத்தில் ஓசை பிறப்பதும் ஒன்றாகத் தெரிவதுதான் பெரிய அதிசயம். 1916ஆம் ஆண்டில் மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி, தாயார் சண்முகவடிவின் வீணையை வீட்டிலேயே கேட்டு வளர்ந்தவர். அந்த இசைக்கு ஒலிபெருக்கி தேவைப்படவில்லை என்பதை உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்.

உங்கள் மாமியார் அஞ்சும் 'தூக்கிப் போடுதல்' கைக்குழந்தைகளுக்கு இயல்பானது. பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் குறைந்துவிடும். உங்கள் மகனின் வயதில் குழந்தை புதிய சத்தம் கேட்டதும் தாயின் முகத்தைப் பார்க்கும். நீங்கள் சிரித்தால் அதுவும் தேறிக்கொள்ளும். நான் கவலைப்படுவது அழுகையாக வெளிப்படாத பாதிப்பைப் பற்றித்தான். உட்காதில் ஒலியை உணரும் நுண்ணிய முடிசெல்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. பெரியவர்களுக்கே 85 டெசிபல் ஒலியில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம்தான் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறைவதால், 100 டெசிபலில் அது கால் மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது. குழந்தையின் காதுக்குழாய் சிறியது என்பதால் உச்ச ஸ்தாயி ஒலிகள் அதனுள் இன்னும் அழுத்தமாக விழும். 'அத்தனை சத்தத்திலும் தூங்கிவிட்டானே' என்று நிம்மதி கொள்ளாதீர்கள். உறக்கத்திலும் காது திறந்தேதான் இருக்கிறது.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். என் மகள் ஏழு மாதக் குழந்தையாக இருந்தபோது, உசிலம்பட்டிப் பக்கம் உறவினர் வீட்டுக் காதுகுத்துக்கு அவளைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். தவில்காரர் வலக்கை விரல்களில் கூடுகளை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு, இடக்கையில் பூவரசங்கழியை எடுத்து மெல்லத் தட்டிப் பார்த்தார். அவள் வாயைத் திறந்தபடி அந்த வெள்ளை விரல்களையே பார்த்தாள். தன் விரல்களையும் மடக்கி நீட்டினாள். அந்த மகிழ்ச்சியில் நான் மெய்மறந்து நின்றுவிட்டேன். காது குத்தும் நேரம் வந்து மேளம் உச்சத்துக்குப் போனபோதும் உடனே விலகவில்லை. அன்று மாலை முழுவதும், தட்டு வைக்கும் ஓசைக்குக்கூட அவள் முகம் சுருங்கி அழுதாள். அந்தச் சில நிமிடங்களுக்காக இன்றும் வருந்துகிறேன்.

ஆகவே மறுநாள் காலை, நாகசுரத்தை ஆலாபனையில் தொடங்கும்போதே வாசற்பந்தலில் சற்றுத் தள்ளி நின்று கேட்கச் செய்யுங்கள். 'கெட்டிமேளம்' என்று யாராவது கையை உயர்த்துவதற்குள் வெளியே வந்துவிடுங்கள். வரவேற்பின்போது சற்று நேரம் மண்டபத்துக்குள் இருக்க நேர்ந்தால் ஒலிபெருக்கிக்கு நேரெதிரே உட்காராதீர்கள். திறந்த வெளியில் தூரம் கூடக் கூட ஒலி நன்றாகக் குறையும். ஓடு பதித்த தரையும் வெற்றுச் சுவரும் உள்ள மண்டபத்தில் அது எதிரொலித்துக்கொண்டே இருப்பதால் கடைசி வரிசையும் அவ்வளவாக உதவாது, சாப்பாட்டுக் கூடமே மேல். கை எட்டும் தூரத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச முடிகிறது என்றால், அது குழந்தை இருக்க வேண்டிய இடமல்ல. காதில் பஞ்சு வைப்பதால் பெரிய பயனில்லை. சிறு அடைப்பான்களோ கழன்று வாய்க்குள் போய்விடும் ஆபத்து உள்ளவை. இரு காதுகளையும் முழுவதுமாக மூடும், குழந்தைகளுக்கென்றே செய்யப்பட்ட காதுக்கவசம் கிடைத்தால் வாங்கி, இரண்டு நாள் முன்னதாகவே வீட்டில் மாட்டிப் பழக்குங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தவில் ஒலிக்கும் திசைக்கு உங்கள் மகன் திரும்பவே இல்லை, வீட்டிலும் பின்னாலிருந்து பெயர் சொல்லி அழைத்தால் பார்ப்பதில்லை என்றால், திருமண வேலைகள் முடியட்டும் என்று காத்திராமல் அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். குழந்தை தூங்கும்போதே காதில் சிறு கருவியை வைத்துச் செய்யும் பரிசோதனை அது. வலி கிடையாது, சில நிமிடங்களில் முடிந்துவிடும்.